சின்ன மாற்றம்தான்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்போது நான் சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. வருகைப்பதிவு அறிக்கையில் வேலை நாட்கள் 22.0, 24.0 என்று புள்ளியோடு வருகின்றன, பார்க்க நன்றாக இல்லை, முழு எண்ணாகக் காட்டுங்கள். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் பத்து நிமிடத்தில் முடித்து எனக்கு அனுப்பினான். மொத்தமே மூன்று வரி. "சின்ன மாற்றம்தான்ணா" என்றான்.

மூன்று வரியையும் படித்தேன். தப்பு எதுவும் இல்லை. அனுமதி கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

அந்த மூன்று வரி இருந்த ஃபங்ஷனை அறிக்கை மட்டும் பயன்படுத்தவில்லை. சம்பளம் கணக்கிடும் பகுதியும் அதையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 22.5 நாள் வேலை பார்த்தவருக்கு 22 நாள் கூலி. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள்கூலிக் கணக்கில் இருந்த ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்குத்தான் அரை நாள், அரை நாளாகப் போனது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தது எங்கள் டெஸ்டிங் டீம் அல்ல. அந்தப் பணியாளர்களில் ஒரு அக்கா, வீட்டில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் முழு நாளுக்கு ஒரு வட்டமும் அரை நாளுக்குப் பாதி வட்டமும் போட்டு வைத்திருந்தார். அந்தக் காலண்டரின் புகைப்படம்தான் நான்கைந்து மின்னஞ்சல்களைத் தாண்டி என் மேசைக்கு வந்தது.

விட்டுப்போன கூலியைக் கொடுத்துவிட்டார்கள். என்னை யாரும் பெரிதாகத் திட்டவும் இல்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. படித்துவிட்டுத்தான் போட்டேன். மாறியது என்ன என்று பார்த்தேன். மாறிய இடத்தின் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

அந்த உறுத்தலோடு படிக்கத் தொடங்கியதுதான் கட்டுமானத் துறையில் நடந்த மாற்றங்களின் கதைகள். அவற்றில் ஒன்றில், கிட்டத்தட்ட நான் செய்த அதே காரியத்துக்கு 114 பேர் செத்திருக்கிறார்கள்.

*

முதலில், கட்டுமானத்தில் மாற்றம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஒரு கட்டடத்தைக் கட்ட ஒப்பந்தம் போடும்போது மூன்று விஷயங்கள் முடிவாகின்றன: வரைபடம், விலை, காலம். பிறகு வேலை ஆரம்பித்ததும் மண் வேறுமாதிரி இருக்கும், கேட்ட பொருள் கிடைக்காது, உரிமையாளர் மனம் மாறும். எந்தக் கட்டடமும் வரைந்தபடியே எழுந்ததில்லை. இப்படி நடுவில் வரும் மாற்றத்தை எழுத்தில் பிடித்து, என்ன மாறுகிறது, எவ்வளவு கூடும் அல்லது குறையும், எத்தனை நாள் தள்ளும் என்று இரு தரப்பும் கையெழுத்திடும் தாளுக்குத்தான் 'சேஞ்ச் ஆர்டர்' என்று பெயர். நம் அரசு ஒப்பந்தங்களில் 'எக்ஸ்ட்ரா ஐட்டம்', 'டீவியேஷன்' என்பார்கள். மென்பொருள் நிறுவனங்களில் நாங்கள் 'சி.ஆர்.' என்போம்.

அப்பா வீடு கட்டியபோது இதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் பேசிய காண்ட்ராக்ட். 'எக்ஸ்ட்ரா வேலை' என்று தலைப்புப் போட்டு, தேதி வாரியாக அப்பா எழுதிவைப்பார். லாஃப்ட் ஒன்று கூடுதல், படிக்கட்டுக்கடியில் ஒரு கதவு, இப்படி. ஒருநாள் சமையலறை ஜன்னலை ஓரடி தள்ளி வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு, எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி தொகை சொல்லவில்லை. "வைக்கலாம் சார், ஆனா லிண்டல் வார்த்தாச்சே. தள்ளி வச்சா மேல இருக்குற செவுரு எது மேல நிக்கும்?" என்றார்.

பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத அந்த மனிதர் கேட்டதுதான் சரியான கேள்வி. மாற்றத் தாளில் விலைக்கு இடம் உண்டு, நாளுக்கு இடம் உண்டு. மேலே இருக்கும் சுவர் எதன்மேல் நிற்கும் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் இருப்பதில்லை. அதை யாராவது வாய்திறந்து கேட்டாக வேண்டும்.

*

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கன்சாஸ் சிட்டியில் 1980 ஜூலையில் ஹயாத் ரீஜென்ஸி என்ற நாற்பது மாடி விடுதி திறக்கப்பட்டது. அதன் பெருமையே நடுக்கூடம்தான். பல மாடி உயரத்துக்குத் திறந்த வெளி. அதன் குறுக்கே, இரண்டு பக்கக் கட்டடங்களையும் இணைக்கும் மூன்று நடைபாலங்கள். தரையிலிருந்து தூண்கள் கிடையாது, எல்லாமே கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். மூன்றாம் மாடிப் பாலம் மட்டும் சற்றுத் தள்ளித் தனியாகத் தொங்கியது. ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் நீளம், ஏறக்குறைய 29 டன் எடை.

மூல வரைபடத்தில் நான்காம் மாடிப் பாலத்தையும் இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கியவை ஒரே நீளக் கம்பிகள். கூரையில் தொடங்கி, நான்காம் மாடிப் பாலத்தின் குறுக்குவிட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, அப்படியே கீழிறங்கி இரண்டாம் மாடிப் பாலத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விட்டத்துக்கும் அடியில் கம்பியில் ஒரு நட்டு. அந்த நட்டின் மேல்தான் விட்டம் உட்காரும்.

வரைபடத்தில் இது அழகாக இருக்கிறது. பட்டறையில் நின்று யோசித்தால் சிக்கல். நான்காம் மாடி விட்டத்துக்கு அடியில் நட்டு உட்கார வேண்டுமானால், அதைக் கம்பியின் கீழ்முனையிலிருந்து திருகிக்கொண்டே மேலே ஏற்ற வேண்டும். அதற்கு அவ்வளவு நீளத்துக்கும் கம்பியில் மரை வெட்ட வேண்டும். பாலத்தைத் தூக்கிப் பொருத்தும்போது எங்காவது இடித்து மரை நசுங்கினால் நட்டு ஏறாது. இரும்பு வேலையை எடுத்திருந்த ஹேவன்ஸ் ஸ்டீல் நிறுவனத்தின் தரப்பில் ஒரு எளிய வழி வந்தது. ஒரு நீளக் கம்பிக்குப் பதிலாக இரண்டு குட்டைக் கம்பிகள். ஒன்று கூரையிலிருந்து நான்காம் மாடி விட்டம் வரை. இன்னொன்று அதே விட்டத்தில், சில அங்குலம் தள்ளித் தொடங்கி இரண்டாம் மாடி வரை. முனைகளில் மட்டும் மரை வெட்டினால் போதும்.

அதே கம்பி, அதே நட்டு, அதே பாலம். என்ன மாறிவிட்டது?

கிணற்றுக்குள் ஒரு கயிறு தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மேலும் கீழுமாக அந்தக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார்கள். கயிறு இரண்டு பேரின் எடையையும் தாங்குகிறது, ஆனால் ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டும்தான் தாங்குகிறது. இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மேலே இருப்பவரின் கைக்கு எடை இரட்டிப்பாகிவிட்டது.

நான்காம் மாடி விட்டத்தின் அடியிலிருந்த நட்டுகள்தான் அந்தக் கை. மூல வரைபடத்தில் அவை நான்காம் மாடிப் பாலத்தை மட்டும் தாங்கின. மாற்றத்துக்குப் பிறகு இரண்டாம் மாடிப் பாலமும் சேர்ந்து அவற்றின் மேல் விழுந்தது.

*

இந்த மாற்றம் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விலையையும் காலத்தையும் விவாதித்து முடிவெடுக்கும் மேசைக்கு இது வரவில்லை. வரைபடக் கட்டோடு கட்டாக வந்தது. இரும்பு வேலைக்காரர்கள் பொறியாளரின் வரைபடத்தைப் பார்த்து, ஒவ்வொரு துண்டையும் எப்படி வெட்டி எப்படிப் பொருத்தப்போகிறோம் என்று தாங்களே விரிவான வரைபடங்கள் தயாரித்து ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். 'ஷாப் டிராயிங்' என்று பெயர். 1979 பிப்ரவரியில் அப்படி 42 வரைபடங்கள் பொறியாளர் அலுவலகத்துக்குப் போயின. அந்த மாதமே முத்திரை குத்தப்பட்டுத் திரும்பி வந்தன. இரண்டு கம்பி அவற்றுக்குள்தான் இருந்தது.

தொலைபேசியில் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினோம் என்றது ஹேவன்ஸ் தரப்பு. அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றார் திட்டப் பொறியாளர். அந்த உரையாடலைக் காட்டும் தாள் ஒன்று இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

எழுத்தில் இல்லாதது இன்னொன்றும் இருந்தது. கம்பியும் விட்டமும் சேரும் இடம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. பட்டறைக்காரர்கள் பொறியாளர் போட்டிருப்பார் என்று நினைத்தார்கள். பொறியாளர் அலுவலகம், இணைப்புகளை விவரமாக வடிவமைப்பது பட்டறையின் வேலை என்று எடுத்துக்கொண்டது. அந்த விட்டமே இரண்டு 'ப' வடிவ இரும்புகளை வாயோடு வாய் சேர்த்து வெல்டிங் செய்த பெட்டி. கம்பி நுழையும் ஓட்டையைச் சரியாக அந்த வெல்டிங் கோட்டின் மேலேயே போட்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. 1979 அக்டோபரில், கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே நடுக்கூடத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வடிவமைப்பை மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். பொறியாளர் தரப்பு எல்லாம் பாதுகாப்பாக இருப்பதாக உறுதி சொன்னது. அவர்களும் தளத்தில் முழுநேரமாகத் தங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கூடுதல் செலவு என்று அது மறுக்கப்பட்டது. கூரை விழுந்த பிறகும் அந்த நட்டுகளின் கணக்கை யாரும் போடவில்லை.

*

1981 ஜூலை 17. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடுக்கூடத்தில் இசைக்குழு வாசிக்க, ஜோடிகள் ஆடும் வாராந்திர நடன மாலை. உள்ளே சுமார் 1,600 பேர். சிலர் பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் நெரிசல் என்றுகூடச் சொல்ல முடியாது. சட்டப்படி ஒரு பாலம் தாங்கவேண்டிய கூட்டத்தைவிட மிகவும் குறைவான ஆட்கள்தான்.

இரவு 7 மணி 5 நிமிடம். நான்காம் மாடி விட்டம் ஒன்று வெல்டிங் கோட்டில் வாய் பிளந்தது. நட்டும் வாஷரும் அதன் வழியே உருவிக்கொண்டு வர, விட்டம் கீழே இறங்கியது. ஒன்று போனதும் அதன் சுமை பக்கத்திலிருந்தவற்றின் மேல் விழுந்து அவையும் போயின. நான்காம் மாடிப் பாலம் இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கீழே ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். இடிபாடுகளைக் கிரேன் வைத்துத் தூக்கி உயிரோடிருந்தவர்களை மீட்கும் வேலை விடிய விடிய நடந்தது. கம்பிகள் அறுந்துபோகவில்லை. மேல்கம்பிகள், நுனியில் நட்டோடு, கூரையிலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

சில நாட்களிலேயே காரணம் வெளியே வந்தது. 'தி கன்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகை ஒரு பொறியாளரை அமர்த்தி, மூல வரைபடத்தில் ஒரு கம்பி, கட்டடத்தில் இரண்டு கம்பி என்பதைக் கண்டுபிடித்து எழுதியது. அந்த நகரின் 'ஸ்டார்', 'டைம்ஸ்' பத்திரிகைகளுக்கு 1982-ல் புலிட்சர் விருது கிடைத்தது இந்தச் செய்திகளுக்காகத்தான்.

தேசியத் தர நிர்ணய ஆய்வகமும் ஒரு விரிவான ஆய்வு நடத்தி 1982-ல் அறிக்கை வெளியிட்டது. மாற்றத்துக்குப் பிந்தைய இணைப்பு, நகரத்தின் கட்டடச் சட்டம் கேட்ட பலத்தில் சுமார் 30% மட்டுமே தாங்கக்கூடியது. இது எதிர்பார்த்ததுதான். அடுத்த எண்தான் என்னை நிறுத்தியது. மாற்றத்துக்கு முந்தைய மூல வடிவமும் சட்டம் கேட்டதில் சுமார் 60% மட்டுமே தாங்கியிருக்கும்.

அதாவது முதலிலிருந்தே தப்பு இருந்தது. 'ஒழுங்காக இருந்த வடிவத்தை மாற்றம் கெடுத்துவிட்டது' என்று சொல்வது பாதி உண்மை. இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். அந்த மாற்றக் கோரிக்கை, அந்த இணைப்பை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. கம்பியைப் பிரிக்கலாமா என்று கேட்டபோது யாராவது ஒரு பென்சிலை எடுத்திருந்தால் 30-ம் தெரிந்திருக்கும், கூடவே 60-ம் தெரிந்திருக்கும். மாற்றம் என்பது மூடி வைத்த பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி வரும் அழைப்பு. இங்கே பெட்டியைத் திறக்காமலேயே அதன் மேல் முத்திரை குத்தினார்கள்.

*

விசாரணையில் குற்றவியல் வழக்குக்கான ஆதாரம் இல்லை என்று முடிவானது. ஆனால் மாநிலப் பொறியாளர் வாரியம், வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்த ஜாக் கில்லம், அவருடைய திட்டப் பொறியாளர் ஆகிய இருவரின் உரிமத்தையும் மிசௌரியில் ரத்து செய்தது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டறைதான் மாற்றியது, அதைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவர்களுடையதே என்ற வாதம் எடுபடவில்லை. முத்திரை உன்னுடையது என்றால் பொறுப்பும் உன்னுடையதே, வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது. சுருக்கமாக, தீர்ப்பின் சாரம் இதுதான்.

கில்லம் பிற்காலத்தில் பொறியாளர்களின் கூட்டங்களுக்குப் போய் இந்த விபத்தைப் பற்றித் தானே பேசினார். அது எளிதாக இருந்திருக்காது.

*

கன்சாஸ் சிட்டிக்கு மூன்று வருடம் முன்பு நியூயார்க்கில் இன்னொன்று நடந்தது. 1977-ல் கட்டி முடிக்கப்பட்ட 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். மனையின் ஒரு மூலையில் ஒரு தேவாலயம் இருந்ததால், பிரதான தூண்களை மூலைகளில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார்கள். காற்றைத் தாங்கக் கட்டடத்துக்குள் சாய்வான இரும்புச் சட்டங்கள். வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷ்யூரியர், அந்தச் சட்டங்களின் இணைப்புகளை வெல்டிங் செய்யச் சொல்லியிருந்தார். வெல்டிங் செலவு அதிகம், போல்ட் போட்டால் போதும் என்று இரும்பு நிறுவனம் கேட்க, அவருடைய அலுவலகமே ஒப்புக்கொண்டது. அவருக்குத் தெரியாது. 1978-ல் வேறொரு கட்டடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் தெரிந்தது.

அவர் அதோடு விடவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு மாணவரின் கேள்வியும் சேர்ந்துகொள்ள, மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சட்டங்களில் 40% கூடுதல் சுமை. அதுவே போல்ட் இணைப்புகளில் 160% கூடுதல். பலமான புயல் அடித்தால் கட்டடம் நிற்காது என்பது அவருடைய முடிவு. போய் உரிமையாளர்களிடம் சொன்னார். இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் இரண்டங்குல கனத்தில் இரும்புத் தகடுகளை வைத்து, அலுவலகம் முடிந்த பிறகு இரவு நேரங்களில் வெல்டிங் செய்தார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது.

இதை நாயகக் கதையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 1995-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வரும்வரை பொதுமக்களுக்கு இது தெரியாது. பகலில் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. ஆனாலும் கன்சாஸ் சிட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இரண்டு இடத்திலும் மாற்றம் கேட்டவர்கள் அயோக்கியர்கள் அல்ல, கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டுமே வேலையை எளிதாக்கும் மாற்றங்கள். செலவைக் கூட்டும் மாற்றம் வந்தால் ஏன், எதற்கு என்று பத்து பேர் கேட்பார்கள். வேலையையும் செலவையும் குறைக்கும் மாற்றத்தை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. அது நல்ல செய்திபோல் உள்ளே வந்துவிடுகிறது. நியூயார்க்கில் கொஞ்சம் தாமதமாகவாவது ஒருவர் நின்று, அந்த மேஸ்திரி கேட்டதைக் கேட்டார்.

*

இப்போது என் டீமில் மாற்றங்களுக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: 'இது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது?' முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிலர் 'ஒன்றுமில்லை' என்று அடித்துவிட்டு நகர்கிறார்கள். அந்தப் பதில் வந்தால் நானே தேடிப் பார்க்கிறேன். நேரம் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸைத் தவறவிடுகிறேன். பெரும்பாலும் உண்மையிலேயே ஒன்றுமில்லைதான்.

கன்சாஸ் சிட்டியில் அந்த விடுதிக்கு அருகே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அது எழுந்தது 2015-ல், 34 வருடங்கள் கழித்து.

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. பெயர்கூட எனக்கு வரவில்லை, புகைப்படம் மட்டும்தான் வந்தது. ஏதோ ஒரு ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர். நீல மையில் வரிசையாக வட்டங்கள், நடுநடுவே பாதி வட்டங்கள். மாதக் கடைசியில் கூட்டி, ஓரத்தில் 22½ என்று எழுதியிருந்தார். அந்த ½-க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.